படுத்துவிட்ட கணிப்பொறியும் பல்லி முட்டையும்

அன்று திங்கட்கிழமை. 2025 ஜூலை மாதம். காலை வழிபாடு முடிந்து, கொடி வணக்கம் முடிந்து, நாங்கள் நால்வரும் வழக்கம்போல் நூலகத்திற்கு ஓடினோம். முதல் பாடவேளை எங்களுக்கு நூலக வேளை. அருட்சகோதரி எங்களுக்கு முன்னரே வந்து கணிப்பொறியின் முன் அமர்ந்திருந்தார். அவர் முகம் வாடியிருந்தது. திரையில் விண்டோஸ் சின்னம் வந்தது. அதன் கீழ்ப் புள்ளிகள் வட்டமிட்டன. பின்பு திரை முழுதும் நீலமாயிற்று. அதில் ஒரு சோக முகம், இரண்டு வரி ஆங்கிலம். படிப்பதற்குள் இருண்டுவிட்டது. மறுபடி சின்னம், மறுபடி புள்ளிகள், மறுபடி நீலம்.

"வெள்ளிக்கிழமை நன்றாகத்தானே இருந்தது, பிள்ளைகளே?" என்று சிஸ்டர் கேட்டார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் வாய் திறக்கவில்லை.

அன்பு வாசகர்களே, அந்தக் கணிப்பொறியில் என்ன இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் எங்கள் நெஞ்சு ஏன் படபடத்தது என்பது உங்களுக்கு விளங்காது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் நம் தூத்துக்குடி மாவட்டம் கண்ட மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. நம் பள்ளியின் கீழ்த்தளத்திலும் வெள்ளம் புகுந்தது. நூலகத்தின் கீழ்த்தட்டில்தான் பழைய ஆண்டு மலர்களைக் கட்டிக் கட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு உள்ளே போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மலர்கள் ஊறிப் பருத்து, அட்டை ஒரு பக்கம் தாள் ஒரு பக்கமாகக் கிடந்தன. வழவழப்பான தாளில் அச்சிட்ட பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகி விட்டன. சாதாரணத் தாளில் அச்சிட்டவைதாம் தப்பின. செலவைக் குறைக்கச் சாதாரணத் தாள் வாங்கிய அக்காலத்துச் சிக்கனமே அவற்றைக் காப்பாற்றியது!

மிஞ்சியதை வராந்தாவில் விசிறிக்கடியில் பரப்பி, சிஸ்டர் தம் கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார். அப்போது நாங்கள் எட்டாம் வகுப்பு. சனிக்கிழமை தோறும் நால்வரும் வந்து, படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்வது என்று ஏற்பாடாயிற்று. முதலில் ஒரு பக்கத்திற்கு ஒரு மணி நேரம் ஆகும். தமிழ் 99 விசைப்பலகை கைக்குப் பழகியதும் அரை மணியாகக் குறைந்தது. கைப்பேசியில் இடம் நிறைந்துவிட்டால், தட்டச்சு முடிந்த படங்களைச் சிஸ்டர் அழித்துவிடுவார். ஒன்றரை ஆண்டில் 212 படைப்புகள் ஏறியிருந்தன. பூப்பறித்த கதை, புயலடித்த கதை, பாட்டிக்குக் கண் அறுவை செய்த கதை. எழுதியவர்கள் இன்று எங்கள் அம்மாக்களாகவும் அம்மாச்சிகளாகவும் இருக்கக்கூடும்.

"சனிக்கிழமை வேலை முடிந்ததும் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்" என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். முதல் இரண்டு மாதம் எடுத்தோம். பிறகு பென்டிரைவ் யாருடைய பையில் இருக்கிறது என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று. ஆக, 212 படைப்புகளில் பெரும்பாலானவை அந்த ஒரு பெட்டிக்குள் மட்டுமே இருந்தன.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறோம். அன்று மாலை கூடுதலாக ஒரு பக்கம் முடிக்கலாமென்று நூலகத்திற்குப் போனோம். சிஸ்டர் அலுவலகத்தில் இருந்தார். நான்கு மணி பத்து நிமிடத்திற்கு அணைக்கப் போனால், "புதுப்பிக்கும் வேலை நடக்கிறது, அணைக்காதீர்கள்" என்று ஆங்கிலத்தில் வந்தது. 35 சதவீதம் என்று காட்டியது. பத்து நிமிடம் நின்றோம். 35ஐ விட்டு அது நகரவில்லை. வெளியே வேன் ஓட்டுநர் ஹார்ன் அடிக்கத் தொடங்கிவிட்டார். எங்களில் ஒருத்தியின் கை சுவரிலிருந்த சுவிட்சுக்குப் போயிற்று. எந்தக் கை என்று இங்கே எழுதப்போவதில்லை. மற்ற மூவரும் பக்கத்திலேதான் நின்றோம்; வேண்டாமென்று ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே நாங்கள்தாம் அணைத்தோம்.

திங்கட்கிழமை இடைவேளையில் சிஸ்டர் ஆயாம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார். மாலையில் எல்லா அறைகளையும் பூட்டுபவர் அவர்தாம். "நான்தான் சிஸ்டர் வெள்ளிக்கிழமை சுவிட்சை எல்லாம் அமத்தினேன். மெசினு ஓடிக்கிட்டு இருந்துச்சோ என்னவோ, இந்தக் கண்ணுக்குத் தெரியலையே" என்றார் ஆயாம்மா. உண்மையில் அவர் வருமுன்னே அது அணைந்து போயிருந்தது. அவர் அணைத்தது விளக்கையும் விசிறியையும்தான். ஆனால் தம்மால்தான் கெட்டது என்று அவரே நம்பிவிட்டார். "எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க சிஸ்டர், சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமாப் பிடிச்சுக்கிடுங்க" என்று அவர் சொன்னபோது நாங்கள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தோம்.

அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். "ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும். உள்ளே இருக்கிறது எல்லாம் போயிரும். பரவாயில்லையா?" என்றார். சிஸ்டர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "சனிக்கிழமை வரை பொறுங்கள்" என்று அனுப்பிவிட்டார். புதன்கிழமை ஆயாம்மா எங்கள் வகுப்பறையைப் பெருக்க வந்தார். வழக்கமாக எங்களைக் கண்டால் ஏதாவது கேலி பேசுவார். அன்று ஒன்றும் பேசவில்லை. எங்களில் ஒருத்திக்கு மதிய உணவு இறங்கவில்லை. மற்றவர்களுக்கு இறங்கியது என்பதையும் எழுதிவிடுகிறோம்.

எங்களில் ஒருத்தியின் தாயார் மட்டக்கடை பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையில் மூன்று பழைய கணிப்பொறிகள். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வரும் வருமானம் அவருக்கே போய்விடும் என்பதால், பிரித்து மாட்டும் வேலையெல்லாம் அவரே பார்த்துப் பழகியவர். நாங்கள் அத்தை என்று அழைப்போம். மகள் விஷயத்தைப் பாதி சொன்னதும், சனிக்கிழமை காலை ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் ஒரு துணிப்பை. அதில் ஸ்குரூடிரைவர், பெயிண்ட் பிரஷ், பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர், இரண்டு பென்டிரைவ், ஒரு சிவப்புக் கேபிள். இவ்வளவுதான். பெரிய கருவிகளை எதிர்பார்த்திருந்த எங்களுக்குச் சற்று ஏமாற்றம்.

அத்தை பெட்டியைத் தொடவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வைத்தியர் நோயாளியைக் கேட்பதுபோல் கேட்கத் தொடங்கினார். எப்போதிலிருந்து? போட்டதும் 'பீப்' என்று சத்தம் வருகிறதா? ஒன்றா, பலவா? விசிறி ஓடுகிறதா? உள்ளே 'டக் டக்' என்று கேட்கிறதா? அடுத்த கேள்வி: "கடைசியா இதை அணைச்சது யாரு? எப்படி அணைச்சாங்க? அது தெரிஞ்சாத்தான் நான் எங்கே தேடுறதுன்னு தெரியும்."

ஆயாம்மா தூணோரம் நின்றிருந்தார். "நான்தாம்மா..." என்று அவர் தொடங்கினார்.

"இல்லை, நாங்கள்" என்று சொன்னது எங்களில் யார் என்று இப்போது நினைவில்லை. நாலு வாயும் ஒன்றாகத் திறந்ததாகத்தான் ஞாபகம். 35 சதவீதம், வேன் ஹார்ன், சுவர் சுவிட்சு, பென்டிரைவ் எல்லாம் வந்துவிட்டன. சிஸ்டர் எங்களைப் பார்க்கவில்லை, ஆயாம்மாவைப் பார்த்தார். ஆயாம்மா சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆறு நாளா எனக்கு உறக்கமில்ல, பிள்ளைகளா" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று எங்களுக்குத் தோன்றியது.

"சரி, அழுறதை அப்புறம் வச்சிக்கலாம். இப்ப போடுங்க. போடும்போதே செல்போன்ல வீடியோ எடுக்கணும்" என்றார் அத்தை. அந்த நீலத்திரை இரண்டு மூன்று வினாடிதான் நிற்கும். கண்ணால் படிக்க முடியாது. படமெடுத்து நிறுத்திப் பார்த்தால் எழுத்துத் தெரியும். ஒரு வாரமாக எத்தனையோ பேர் அதைப் பார்த்தோம். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. நிறுத்திப் பார்த்தபோது அடியில் 'அன்மவுண்டபிள் பூட் வால்யூம்' என்று இருந்தது. தொடங்குவதற்கு வேண்டியவை இருக்கும் வட்டுப் பகுதியைத் திறக்க முடியவில்லை என்பது அதன் பொருளாம்.

'பூட்' என்றால் என்னவென்று அத்தை சொன்ன விளக்கம் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆங்கிலத்தில் பூட்ஸின் பின்புறமுள்ள வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்று ஒரு பேச்சு உண்டு. கணிப்பொறியும் அப்படித்தான் எழுந்திருக்கிறது. மின்சாரம் வந்தவுடன் அதற்கு ஒன்றுமே தெரியாது. பலகையில் நிரந்தரமாகப் பதிந்துள்ள 'பயாஸ்' என்னும் சிறு நிரல் மட்டும் விழிக்கிறது. அது முதலில் ராம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று வருகைப் பதிவு எடுக்கிறது. எல்லாரும் வந்திருந்தால் ஒரே ஒரு 'பீப்'. பிறகு வட்டைத் தேடிப்போய், அதில் இன்ன இடத்தில் இருக்கும் இன்னொரு சிறு நிரலை எழுப்புகிறது. அது விண்டோஸை எழுப்புகிறது. ஒருவர் அடுத்தவரை எழுப்பி, அவர் அடுத்தவரை எழுப்பி... விடுதியில் அதிகாலை மணி அடித்ததும் நடப்பது போலத்தான். நடுவில் ஒருத்தி எழும்பாவிட்டால் அவளுக்கு அப்புறம் இருக்கிறவர்கள் எல்லாரும் உறக்கம்தான்! எங்கள் பெட்டியில் எழும்பாதது வட்டு, அல்லது வட்டில் எழுதியிருந்த ஏதோ ஒன்று.

அப்படியானால் உடனே வட்டைப் பழுதுபார்க்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்டோம். அத்தை எங்களை முறைத்துப் பார்த்தார். "பழுதான வட்டுல சரிபார்க்கிற வேலையை ஓட விட்டா, அது மணிக்கணக்கா வட்டைத் தேய்க்கும். பாதியில வட்டு செத்துப்போச்சுன்னா? முதல்ல உள்ளே இருக்கிறதை வெளியே எடுக்கணும். வீடு பத்திக்கிட்டா பிள்ளையைத் தூக்கிட்டு ஓடுவியா, ஓட்டை மாத்துவியா?"

பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸ் என்னும் வேறோர் இயங்குதளம் இருந்தது. அதைச் செருகி, கணிப்பொறி எழும்போது எஃப் 12 விசையை அழுத்தினால், வட்டிலிருந்து எழுவதற்குப் பதில் பென்டிரைவிலிருந்து எழலாமாம். எல்லாக் கணிப்பொறிக்கும் அதே விசையல்ல, எங்களுடையதற்கு அது. இரண்டு நிமிடத்தில் புதிய திரை ஒன்று தெளிவாக வந்தது. நாங்கள் கைதட்டினோம். அத்தை தட்டவில்லை. "இப்ப என்ன தெரியுது? பலகை நல்லா இருக்கு, ராம் நல்லா இருக்கு, மின்சாரம் சரியா வருது. வட்டைத் தவிர எல்லாம் நிரபராதி" என்றார். விண்டோஸ் எழாதபோது இன்னொன்று எழுகிறதா என்று பார்ப்பதே ஒரு பரிசோதனை என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

ஆனால் வட்டின் பெயர் பட்டியலில் ஒருமுறை தெரிந்தது. மறுமுறை காணாமற் போயிற்று. பெட்டியை இலேசாக அசைத்தால் மீண்டும் தெரிந்தது. "பெட்டியைத் திறக்கணும்" என்றார் அத்தை. முறைப்படி அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தையும் வடியவிட்டு, ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வரச் சொன்னார். நம் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் நமக்குத் தெரியாது; நுண்ணிய சில்லுகளுக்கு அது இடி விழுந்தது போலாம். இதைப் பௌதிகப் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கியிருந்தோம். ஆனால் ஜன்னல் கம்பியைத் தொட்டதில்லை.

பக்கத் தகட்டைக் கழற்றியதும் எங்களில் ஒருத்தி வீறிட்டு அலறினாள். உள்ளே இரண்டு பல்லி முட்டைகள்! மூன்றாவது முட்டையின் ஓடு மட்டும் கிடந்தது. அதன் உரிமையாளர் எப்போதோ கிளம்பிப் போயிருக்கிறார். வெதுவெதுப்பான, இருட்டான இடம், வேறென்ன வேண்டும்? அறிவியல் கண்காட்சிக்காகப் படித்தது ஒன்று எங்களுக்கு நினைவுக்கு வந்தது. 1947 செப்டம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணிப்பொறியின் ஒரு ரிலேயில் விட்டில் பூச்சி ஒன்று சிக்கிக்கொண்டதைக் கண்டுபிடித்து, அதைப் பதிவேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். அந்தக் குழுவிலிருந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார் அந்தக் கதையைப் பல ஆண்டுகள் சொல்லிவந்தார். பல்லி முட்டையை ஒட்டி வைக்க எங்களிடம் பதிவேடு இல்லை. ஆயாம்மா அவற்றை ஒரு தாளில் ஏந்திக் கொண்டுபோய் வேலியோரம் வைத்துவிட்டு வந்தார்.

"இதுதான் மதர்போர்டு" என்று அத்தை பெரிய பச்சைப் பலகையைக் காட்டினார். ஐந்தாம் வகுப்பில் இந்தச் சொல்லைக் கேட்டபோது, நம் மதர் கையெழுத்திடும் ஏதோ பலகை என்று நாங்கள் நினைத்திருந்ததைச் சொன்னோம். சிஸ்டர் அந்த வாரத்தில் முதன்முறையாகச் சிரித்தார்.

தூசியைப் பிரஷால் தட்டினோம். கடல் ஓரம் ஆகையால் உப்புக் காற்று உலோக முனைகளைச் சும்மா விடுவதில்லை. ராமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துடைத்து, மீண்டும் 'க்ளிக்' என்று பொருத்தினோம். பலகையின் நடுவே நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. அது தீர்ந்து போயிருந்ததால்தான் கணிப்பொறியின் தேதி பத்தாண்டு பின்னுக்குப் போயிருந்தது. அதையும் மாற்றினோம். ஆனால் உண்மையான குற்றவாளிகளில் ஒருவர் கடைசியில் அகப்பட்டார். வட்டையும் பலகையையும் இணைக்கும் சாட்டா கேபிளின் பிடி உடைந்து, முனை தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அத்தை கொண்டுவந்த சிவப்புக் கேபிளை மாட்டினோம். இப்போது வட்டின் பெயர் பட்டியலில் நிலையாக நின்றது.

எழுதாமல் படிக்க மட்டும் அனுமதித்து வட்டைத் திறந்து, எங்கள் கோப்புகளை இரண்டு பென்டிரைவிலும் நகலெடுக்கத் தொடங்கினோம். எழுத்துக் கோப்புகள் சிறியவைதாம். ஒரு சில நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் சில இடங்களில் வட்டு தயங்கித் தயங்கி நின்றது. ஒவ்வொரு தயக்கத்திற்கும் உள்ளிருந்து மெல்லிய 'டிக்' சத்தம். கூடவே ஆண்டுவிழாப் புகைப்படங்களும் வந்ததால் இரண்டு மணி நேரம் ஆயிற்று. சிஸ்டர் செபமாலையைக் கையில் எடுத்துவிட்டார்.

அந்த இரண்டு மணி நேரத்தில் பேசியவை பல. நம்மைப் போன்ற எளியவர்களின் பெட்டிதான் இப்படிப் படுக்குமா என்று சிஸ்டர் கேட்டார். 2024 ஜூலை 19 அன்று உலகமெங்கும் என்ன நடந்தது என்று அத்தை சொன்னார். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பினால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் இதேபோல் நீலத்திரையில் விழுந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. விமானங்கள் நின்றன, நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுக் கொடுத்தார்கள். பிழையான புதுப்பிப்பை நிறுவனம் ஒன்றரை மணி நேரத்திற்குள் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் படுத்துவிட்ட கணிப்பொறி இணையத்தோடு பேசுமா? பல இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு பெட்டியின் முன்னும் போய் உட்கார்ந்து, 'சேஃப் மோடு' என்னும் குறைந்தபட்ச நிலையில் எழுப்பி, அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டியதாயிற்று.

சிஸ்டர் தம் பங்குக்கு ஒரு துறவியைப் பற்றிச் சொன்னார். அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர், 1965-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அமெரிக்காவில் அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் இருவரில் ஒருவர். பின்பு அயோவா மாநிலத்தில் கிளார்க் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி இருபது ஆண்டுகள் தலைமை வகித்தார், 1985-இல் காலமானார். "ஒரு கன்னியாஸ்திரி பார்த்த வேலை, நான் பயந்துகொண்டு ஒதுங்கி நிற்கிறேன்" என்று கூறி, ஸ்குரூடிரைவரை வாங்கிப் பக்கத் தகட்டைச் சிஸ்டரே மாட்டினார். ஒரு திருகு மிஞ்சிவிட்டது. அது எங்கேயுள்ளது என்று இதுவரை தெரியவில்லை.

நகல் முடிந்தது. 212-இல் 209 வந்துவிட்டன. மூன்று கோப்புகள் மட்டும் எத்தனை முறை முயன்றும் திறக்கவில்லை.

அதன் பிறகுதான் வட்டைச் சரிபார்க்கும் 'செக் டிஸ்க்' கட்டளை கொடுக்கப்பட்டது. 500 ஜி.பி. வட்டு, இரவு முழுவதும் ஆகலாம் என்றார் அத்தை. நடுவில் மின்சாரம் போனால்? நூலகத்து யூ.பி.எஸ். பேட்டரி செத்துப் பல மாதமாகியிருந்தது. அத்தை தம் கடையின் யூ.பி.எஸ்.ஸை ஸ்கூட்டரில் கொண்டுவந்து வைத்தார். அன்று மாலை முழுவதும் கடையில் அவருக்கு அது இல்லை. எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். "நான் பார்த்துக்கிடுதேன்" என்றார் ஆயாம்மா. அவர் வீடு பள்ளியின் பின்புறச் சந்தில்தான். இரவு ஒன்பது மணி வரை நூலக வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தாராம். ஏழரை மணிக்கு மின்சாரம் ஒருமுறை போய்ப் போய் வந்ததாம். "அந்தப் பெட்டி கீ கீன்னு கத்துச்சு. எனக்கு ஈரக்குலை நடுங்கிருச்சு. ஆனா திரை அணையல" என்று மறுநாள் சொன்னார்.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து, பூசைக்குப் போட்ட பாவாடை தாவணியோடும் சுடிதாரோடும் நூலகத்திற்கு ஓடினோம். திரையில் கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் மலர் அடைவு அப்படியே இருந்தது. வட்டில் பல இடங்கள் பழுது என்றும் அறிக்கை இருந்தது. அந்த வட்டை இனி நம்பக்கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். பழைய தாள் விற்ற காசில் சிஸ்டர் புதிய எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கினார். வெள்ளத்தில் மாண்ட மலர்களும் அந்தப் பழைய தாளில் அடக்கம் என்பதை நினைத்தால் என்னவோபோல் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடியவிருந்ததாலும், அடுத்த பதிப்பை ஏற்கும் வயதை எங்கள் பெட்டி தாண்டிவிட்டதாலும், அதில் லினக்ஸையே நிறுவினார்கள். எழுத்துரு ஒன்று சரியாக வராமல் ஒரு வாரம் தொல்லை கொடுத்தது. அது வேறு கதை.

நாங்கள் அத்தையிடம் கேட்டே விட்டோம். எங்களால்தான் கெட்டதா? அவர் பொய் சொல்லவில்லை. "கேபிள் ஆடிக்கிட்டு இருந்துச்சு. வட்டுக்கு வயசாச்சு. பேட்டரி இல்லாத யூ.பி.எஸ். ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் அடி வாங்க விட்டுருக்கு. நீங்க எழுதிக்கிட்டு இருந்த கையைத் தட்டிவிட்டீங்க. இதுல எது தள்ளி விழுந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. நாலு பேரும் சேர்ந்து தள்ளின வண்டி." தண்டனையாகச் சிஸ்டர் எங்களை ஒன்றும் செய்யவில்லை. ஆயாம்மாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டோம். "போங்க பாப்பா, போய்ப் படிங்க" என்றார். மறுநாள் வகுப்பைப் பெருக்க வந்தபோது எங்களில் உயரமானவளைப் பார்த்து, "என்ன கொக்கு, சாப்பிட்டியா?" என்று கேலி செய்தார். அவள் அழுதுவிட்டாள்.

இப்போது மாலையில் அறையைப் பூட்ட வரும்போது ஆயாம்மா வாசலிலேயே நின்று, "அமத்தலாமா?" என்று உரக்கக் கேட்கிறார். நாங்கள் திரையைப் பார்த்துவிட்டு, "அமத்தலாம்" என்ற பிறகுதான் சுவிட்சைத் தொடுகிறார். பிரதிகள் மூன்று இடத்தில் இருக்கின்றன: நூலகத்தில் ஒன்று, மதரின் அலமாரியில் ஒன்று, அத்தையின் கடையில் ஒன்று. பென்டிரைவ் சிஸ்டரின் சாவிக்கொத்தில் தொங்குகிறது.

திறக்காமற்போன மூன்று கோப்புகள் இவை: 1974 மலரிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி எழுதிய உப்பளத்துக் கட்டுரை, 1978 மலரிலிருந்து பனையோலைப் பெட்டி முடையும் பாட்டியைப் பற்றிய கட்டுரை, 1983 மலரிலிருந்து ஏழாம் வகுப்பு மாணவியின் கப்பல் கதை. இவற்றின் அச்சுப் பக்கங்களும் படங்களும் இப்போது இல்லை. பனையோலைக் கட்டுரையைத் தட்டச்சு செய்தவளுக்கு முதல் பத்தி மட்டும் மனப்பாடமாக இருக்கிறது, மீதி இல்லை. இம்மலரைப் படிக்கும் பெற்றோரோ பழைய மாணவியரோ தங்கள் வீட்டுப் பரணில் அந்த ஆண்டு மலர்களைக் கண்டால் தயவுசெய்து கொண்டுவாருங்கள். அன்றே படமெடுத்துவிட்டு, அட்டை கசங்காமல் திருப்பித் தருகிறோம். சனிக்கிழமை காலையில் நாங்கள் நூலகத்தில் இருப்போம். மற்ற நாள்களில் வாசலில் ஆயாம்மாவிடம் கொடுக்கலாம். அவர் வாங்கி வைப்பார்.